பிள்ளைகளும் சமூக ஊடகமும்: சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கூட்டங்களில் பேசப் போவேன். மேடையில் கேள்வி கேட்கச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் கலைந்து, நாற்காலியை மடக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டத்தின் வாசகங்களைப் பொறுமையாகப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் எந்த நாட்டுச் சட்டம் என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கென்று இணையத்தில் தனியாகச் சட்டம் இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் பேச்சா?

இருக்கிறது. ஆனால் ஒரே புத்தகத்தில் இல்லை, மூன்று வகையாகச் சிதறிக் கிடக்கிறது. முதல் வகை தரவுச் சட்டம். பிள்ளையைப் பற்றி ஒரு செயலி என்னென்ன சேகரிக்கலாம், யாரிடம் கேட்டுச் சேகரிக்க வேண்டும் என்று சொல்வது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு 'கோப்பா', ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள 'ஜிடிபிஆர்', இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இந்த வகை. இரண்டாவது பாதுகாப்புச் சட்டம். தளத்தில் பிள்ளையின் கண்ணில் எது படலாம், யார் வந்து அவளிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்பதைப் பார்ப்பது. பிரிட்டனின் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உதாரணம். மூன்றாவது குற்றவியல் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ மாதிரி.

முதல் இரண்டும் நிறுவனத்தைக் கட்டிப்போடுபவை. மூன்றாவது ஆளைத் தண்டிப்பது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எல்லா ஆப்பிலும் 13 வயது என்று போட்டிருக்கிறதே, அந்த 13 எங்கிருந்து வந்தது?

மேலே சொன்ன கோப்பாவிலிருந்து. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் விவரங்களைச் சேகரிக்க வேண்டுமானால் முதலில் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது ஃபேஸ்புக்கே பிறந்திருக்கவில்லை. பின்னால் வந்த நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. கோடிக்கணக்கான பெற்றோரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குவதைவிட, "13 ஆகாதவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுவது சுலபம். அந்த ஒரு வரிதான் உலகம் முழுக்கப் பரவியது.

ஆகவே 13 ஆனால் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அது தரவு சேகரிப்புக்காகக் கிழித்த கோடு. "பதின்மூணு முடிஞ்சாச்சு, சட்டமே விடச் சொல்லுது" என்று பிள்ளை வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

ஒருத்தர் 16 என்கிறார், இன்னொருத்தர் 18 என்கிறார். எந்த வயதைத்தான் நம்புவது?

நீங்கள் வசிக்கும் நாட்டின் வயதை. ஜிடிபிஆர் 16 என்று வைத்துவிட்டு, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்றது. ஜெர்மனி 16-லேயே நின்றது, பிரான்ஸ் 15, இத்தாலி 14. பிரிட்டனில் 13. இந்தியச் சட்டத்தில் 18 முடியாத எல்லோரும் குழந்தைதான். அதுவரை தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பதினேழரை வயதில் கல்லூரிக்குப் போகிறவனும் இதில் அடக்கம் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இவையெல்லாம் தரவுக்குச் சம்மதம் தரும் வயது. கணக்கே வைத்திருக்கக் கூடாது என்கிற வயது வேறு. அது ஆஸ்திரேலியா பற்றிய கேள்வியில் வருகிறது.

மகனுக்கு 11 வயதுதான். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு நானே கணக்கு திறந்து கொடுத்தேன். என் மேல் கேஸ் வருமா?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இது. கோப்பாவில் உங்கள் மேல் வழக்கு வராது. முதல் பதிலில் சொன்னது போல அது நிறுவனத்துக்கான சட்டம். ஆஸ்திரேலியாவின் புதிய சட்டத்திலும் பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டனை இல்லை.

நஷ்டம் வேறு பக்கம் இருக்கிறது. 11 வயதுப் பையனுக்கு 21 என்று போட்டிருந்தால், தளத்தின் பார்வையில் அவன் வளர்ந்த ஆண். பிள்ளைகளுக்கென்று சட்டம் கட்டாயப்படுத்திய பூட்டுகள் எதுவும் அந்தக் கணக்கில் விழாது. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரம் வரலாம், பதிவுகள் எல்லோருக்கும் தெரியலாம். இந்தப் பொய் அவனோடு சேர்ந்து வளரவும் செய்யும். அவனுக்கு 14 ஆகும்போது கணக்குக்கு 24 ஆகியிருக்கும். பின்னால் ஏதாவது நடந்து புகார் கொடுத்தால், "எங்களிடம் பெரியவர் என்றுதானே சொன்னீர்கள்" என்று நிறுவனம் கை விரிக்க நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும்.

உண்மை வயதைத் தளத்துக்குச் சொல்லிவிடுங்கள். கணக்கு மூடப்படலாம். மூடினால் மூடட்டும்.

பெற்றோர் சம்மதம் என்றால் "நான் பெற்றோர்" என்று ஒரு டிக் அடித்தால் போதாதா?

போதாது. சட்டங்கள் கேட்பது சரிபார்க்கத்தக்க சம்மதம். கோப்பாவில் அதற்கு ஏற்கப்பட்ட வழிகள் இருக்கின்றன: கையெழுத்திட்ட படிவம், கடன் அட்டை மூலம் ஒரு பரிவர்த்தனை, பயிற்சி பெற்ற ஊழியரோடு தொலைபேசி அல்லது வீடியோ அழைப்பு, அரசு அடையாளச் சான்று. இந்தியாவில் 2025 நவம்பரில் வெளியான விதிகள், சம்மதம் தருபவர் உண்மையிலேயே வயது வந்தவர்தானா என்று நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. ஏற்கெனவே தன்னிடம் உள்ள நம்பகமான விவரத்தை வைத்தோ, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் டோக்கனை (மின்னணுச் சான்றை) வைத்தோ செய்யலாம். இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நபர் வயது வந்தவர் என்று தெரிந்துவிடும், சரி. அவர் அந்தப் பிள்ளையின் பெற்றோர்தானா என்று எப்படித் தெரியும்? கல்லூரியில் படிக்கும் அக்காவைப் பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டால்? இந்த ஓட்டையை எந்த நாடும் இன்னும் முழுதாக அடைக்கவில்லை.

மகள் பிரைவேட் அக்கவுண்ட்தான் வைத்திருக்கிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிரைவேட் என்பது மற்ற மனிதர்களுக்குப் போட்ட திரை. நிறுவனத்துக்குத் திரை கிடையாது. எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றாள், எந்த நேரத்தில் விழித்திருந்தாள், எங்கே இருந்தாள் என்பது உள்ளே பதிவாகிக்கொண்டே இருக்கும். தரவுச் சட்டங்கள் குறிவைப்பது இதைத்தான். பிள்ளையின் நடவடிக்கையைப் பின்தொடர்வதும், அதை வைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. பிள்ளைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் சிறுவர் என்று தெரிந்தவர்களைத் தரவால் எடைபோட்டு விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் 'வயதுக்கேற்ற வடிவமைப்பு' விதித்தொகுப்பு. 2021 செப்டம்பரிலிருந்து முழுதாக அமலில் இருக்கிறது, மொத்தம் 15 விதிகள். பிள்ளை எதையும் தொடாமலே எல்லாப் பூட்டும் போட்டபடி இருக்க வேண்டும், இருப்பிடம் காட்டும் வசதி அணைந்தே இருக்க வேண்டும், அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கும்படி பிள்ளையைத் தூண்டும் பொத்தான்களை வைக்கக் கூடாது என்கிறது. "செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கோ" என்று பிள்ளையின் தலையில் கட்டும் பழக்கத்தை அது ஒத்துக்கொள்வதில்லை.

இந்த அபராதமெல்லாம் உண்மையில் யாராவது கட்டியிருக்கிறார்களா?

விதித்திருக்கிறார்கள், பெரிய தொகைதான். 2019-ல் பிள்ளைகளுக்கான சேனல்களைப் பார்த்தவர்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் பின்தொடர்ந்ததற்காக யூடியூப்பும் கூகுளும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. குழந்தை வீடியோக்களில் இன்று கமெண்ட் பகுதி மூடியிருப்பதற்கும், "குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது" என்ற குறிப்பு வந்ததற்கும் அதுதான் காரணம்.

2022-ல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இன்ஸ்டாகிராமுக்கு 40.5 கோடி யூரோ விதித்தது. இந்த வழக்கின் விவரம் ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கணக்கை 'பிசினஸ்' கணக்காக மாற்றிக்கொள்ள முடிந்தது. தன் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அதில் கிடைக்கும் என்பது அவர்களுக்கு ஆசை. ஆனால் அப்படி மாற்றியதும் அவர்களுடைய தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ ஊருக்கே தெரிந்தது. அடுத்த வருடம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ. சிறுவர் கணக்குகள் எடுத்த எடுப்பிலேயே பொதுவில் இருந்தது ஒரு காரணம். பிள்ளையின் கணக்கோடு ஒரு பெரியவரின் கணக்கை இணைக்கும் வசதியில், அந்தப் பெரியவர் பெற்றோர்தானா என்று பார்க்காதது இன்னொன்று.

ஆஸ்திரேலியாவில் மொத்தமாகத் தடையாமே? பிள்ளைகள் இணையத்தையே தொடக் கூடாதா?

இணையத்துக்குத் தடை இல்லை. 16 ஆகாதவர்கள் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது, அவ்வளவே. 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம், 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப் எல்லாம் பட்டியலில் உண்டு. வாட்ஸ்அப் போன்ற செய்தி அனுப்பும் சேவைகள் இல்லை. கணக்கில் நுழையாமல் வீடியோ பார்ப்பதும் தடையில்லை. சரியான முயற்சி எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்.

இதில் ஒரு சங்கடம். கணக்கு இல்லாமல் பார்க்கும் பிள்ளைக்கு, சிறுவர் கணக்குக்கென்று போட்ட பூட்டுகளும் கிடைக்காது. மற்ற சட்டங்களிலிருந்து மாறுபடும் இடம் இன்னொன்றும் உண்டு. இங்கே பெற்றோர் சம்மதித்தாலும் கணக்கு கிடையாது. "எல்லோர் வீட்டிலும் விடுகிறார்கள், நீ மட்டும்தான்" என்ற வசனத்துக்குப் பதில் சொல்லி ஓய்ந்த பெற்றோர் சிலருக்கு அது நிம்மதி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வயதைக் காட்ட அடையாள அட்டை கேட்கிறார்கள். அந்தரங்கத்தைக் காப்பாற்ற அந்தரங்கத்தையே கொடுக்கணுமா?

நியாயமான கோபம். 2025 அக்டோபரில், அரட்டைச் செயலியான டிஸ்கார்டுக்காக வேலை பார்த்த வெளி நிறுவனம் ஒன்றில் நடந்த ஊடுருவலில், வயதை நிரூபிக்க அனுப்பிய சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. பயம் கற்பனை இல்லை. இதை யோசித்துத்தான் ஆஸ்திரேலியச் சட்டம், அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது என்றும், சரிபார்க்க வாங்கிய விவரத்தை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

முகத்தை வைத்து வயதைக் கணிப்பது போன்ற வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால், அட்டையில் வயதுக்குத் தேவையில்லாத விவரங்களை மறைத்து அனுப்ப விடுகிறார்களா என்று பாருங்கள். செயலிக்குள் கேட்டால் ஒரு விஷயம். "உங்கள் கணக்கு முடங்கும், உடனே அட்டை அனுப்புங்கள்" என்று செய்தியில் சுட்டி வந்தால் அது பெரும்பாலும் மோசடி.

என் குழந்தையின் போட்டோவை நானே போடுகிறேன். அதையுமா சட்டம் கேட்கும்?

பெரும்பாலும் கேட்காது, அதுதான் பிரச்சினையும்கூட. வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் கையாளும் தரவை ஜிடிபிஆரும் இந்தியச் சட்டமும் தங்கள் வரம்புக்கு வெளியே விட்டிருக்கின்றன. நிறுவனம் அனுமதி கேட்க வேண்டிய ஆள் நீங்கள். நீங்களே போட்டால் யாரிடம் கேட்பது?

பிரான்ஸ் மட்டும் இதில் நேராகக் கை வைத்தது. 2024 பிப்ரவரியில் வந்த சட்டப்படி குழந்தையின் உருவ உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பக் குழந்தையையும் கேட்க வேண்டும். இருவருக்கும் ஒத்துவராவிட்டால், மற்றவரின் அனுமதியில்லாமல் படம் போட ஒருவருக்கு நீதிபதி தடை விதிக்கலாம். பிரிந்து வாழும் தம்பதிகள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் கேட்காமலே பிள்ளையின் படத்தை அவர்கள் பக்கத்தில் போட்டுவிட்டது. என்ன செய்ய?

மேலே சொன்ன வீட்டு விலக்கு நிறுவனத்துக்குப் பொருந்தாது. எழுத்தில் கேளுங்கள்: என் பிள்ளையின் படம், பெயர், வகுப்பு எங்கெங்கே வெளியானது, நீக்க முடியுமா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சம்மதம் இருந்ததும், பெற்றோரே கையெழுத்துப் போட்டிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றார்கள், படமும் இறங்கியது.

பிள்ளைக்கு சேனல் நன்றாகப் போகிறது, வருமானமும் வருகிறது. அந்தப் பணம் யாருடையது?

பல நாடுகளில் இதற்குத் தெளிவான விடையே இல்லை. இங்கும் முந்திக்கொண்டது பிரான்ஸ்தான். 2020-ல் வந்த சட்டம், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் வீடியோ வருமானத்தில் பெரும்பங்கை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடாத கணக்கில் போடச் சொல்கிறது. தன் வீடியோவை நீக்கும்படி பிள்ளையே தளத்திடம் கேட்கலாம். பெற்றோர் அனுமதி தேவையில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலமும் 2024 ஜூலை முதல் இதே போக்கில் பிள்ளையின் பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது.

யாரோ மகளின் படத்தை ஏஐ வைத்து ஆபாசமாக மாற்றிப் பரப்புகிறார்கள். முதலில் என்ன செய்வது?

அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், "பாருங்க, என்ன பண்ணியிருக்காங்க" என்று சொந்தக்காரருக்குக்கூட. சிறுவரின் பாலியல் படத்தைச் சேகரிப்பதும் பரப்புவதும் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். ஆகவே படத்தைச் சேமிப்பதை விட்டுவிட்டு, சுட்டி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தில் புகார் செய்யுங்கள், காவல் துறைக்கும் போங்கள். இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து இயங்கும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை எந்த நாட்டவருக்கும் உதவும். படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. கைரேகை மாதிரி ஓர் எண்ணை உங்கள் கருவியிலேயே உருவாக்கி அதை மட்டும் அனுப்பும். சேர்ந்துள்ள தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். 2025 மே மாதம் இதே பெயரில் ஒரு அமெரிக்கச் சட்டமும் வந்தது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளம் படத்தை நீக்க வேண்டும், ஏஐ படமும் சேர்த்தி.

போலீசுக்குப் போனால் பிள்ளையின் பெயர் வெளியே வந்துவிடாதா? பேசி முடித்துவிடலாமே?

போக்சோவின் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிடுவதைத் தடுக்கிறது. "இந்தச் சிறுமிக்கு நீதி வேண்டும்" என்று படத்தோடு ஃபார்வர்டு செய்யும் நல்ல மனசுக்காரர்களும் இதே மாதிரித் தடைகளை மீறுகிறவர்கள்தான்.

பேசி முடிக்கும் யோசனை அதைவிட ஆபத்து. 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று சமாதானம் பேச வரும் பெரியவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் குரல் இறங்கிவிடும்.

ஏஐ படம் இல்லை, தன் அந்தரங்கப் படத்தை மகளே ஒரு பையனுக்கு அனுப்பியிருந்தால்? அவளும் குற்றவாளியா?

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால், பல நாடுகளில் தன் படத்தைத் தானே அனுப்பிய சிறுவரும் உள்ளே வந்துவிடும் அளவுக்கு வாசகம் அகலமாக இருக்கிறது. அது அவளைத் தண்டிக்க எழுதியதல்ல. இங்கிலாந்தில் 2016 முதல், சம்பவத்தைப் பதிவு செய்துவிட்டு, பொதுநலன் இல்லையென்று வழக்கைத் தொடராமல் விடும் வழி காவல் துறைக்கு இருக்கிறது. அவன் அதைக் காட்டி மிரட்டினாலோ பணம் கேட்டாலோ அவள் முழுக்க முழுக்கப் பாதிக்கப்பட்டவள். பணம் கொடுக்காதீர்கள், மறுபடி கேட்பான். ஏஐ படம் பற்றிய பதிலில் சொன்ன வழி இங்கேயும் பொருந்தும்.

மகளுக்குத் தெரியாமல் அவள் மெசேஜ்களைப் படிக்கலாமா? நான் பெத்தவதானே?

பெற்றவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதத் தொடர்பிலும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்கிறது. அந்தரங்கம் பெற்றோர் வழியாக வரும் உரிமை இல்லை, பிள்ளைக்கே சொந்தமானது. மேலே பிடித்தது என்றேனே, அந்த பிரிட்டன் விதித்தொகுப்பு இதை நடைமுறையில் வைத்திருக்கிறது: பெற்றோர் கண்காணிக்கும் வசதி இருந்தால், தான் கண்காணிக்கப்படுவது பிள்ளைக்குத் தெரியும்படி அடையாளம் காட்ட வேண்டும். ஆறு வயதில் போனைத் திறந்து பார்ப்பதும் பதினாறு வயதில் ஒளிந்து பார்ப்பதும் ஒன்றாகாது.

18 ஆன பிறகு, சின்ன வயதில் போட்டதையெல்லாம் நீக்கச் சொல்ல முடியுமா?

ஐரோப்பாவில் முடியும். ஜிடிபிஆரின் 17-ஆவது பிரிவு தரும் நீக்கும் உரிமை, குழந்தையாக இருந்தபோது பின்விளைவு முழுதாகத் தெரியாமல் கொடுத்த சம்மதத்துக்கு விசேஷமாகப் பொருந்தும் என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. இந்தியச் சட்டத்திலும் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2015 முதல் உள்ள சட்டம், 18 ஆகாதவர் தானே போட்ட பதிவை நீக்க வசதி தரச் சொல்கிறது. மற்றவர் போட்டது அதில் வராது.

அம்மா அப்பா போட்ட குளியல் தொட்டிப் படத்துக்கு என்ன வழி என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். பிரான்ஸ் தவிர மற்ற இடங்களில் முதலில் அவர்களிடமே கேட்டுப் பார் என்றேன். "கேட்டேன் சார், அதுலதான் நீ க்யூட்டா இருக்கேன்னாங்க" என்றாள்.